பட்டிக்கு எந்த நாய்? கொறங்காட்டில் செம்மறி வளர்ப்போருக்கு ஓர் ஒப்பீடு

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் செம்மறி வைத்திருப்பவரிடம் இன்று பேச்சுக் கொடுத்தால், மழைக்கும் சந்தை விலைக்கும் முன்னால் நாய்ப் பேச்சுதான் வரும். நாலைந்து தெருநாய்கள் இரவில் பட்டிக்குள் குதித்து, கைக்கு எட்டிய ஆட்டையெல்லாம் கடித்துப் போட்டுவிட்டுப் போவது இந்த வட்டாரத்தில் சில வருடங்களாகவே நடக்கிறது. செத்த ஆடுகளை வைத்து விவசாயிகள் மறியல், போராட்டம் என்று இறங்கிய பிறகு, 2025இல் அரசு இழப்பீடு அறிவித்தது. கிடைத்தவரை சரி. ஆனால் சினையாடு செத்தால் வயிற்றில் இருந்த குட்டிக்கு யாரும் கணக்குப் போடுவதில்லை. தப்பிய ஆடுகள் மிரண்டுபோய்ச் சரியாக மேயாமல் கிடக்குமே, அதற்கும் கணக்கு இல்லை.

அதனால் புதிதாக ஆடு வாங்குகிறவர்கள் ஆட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே காவலைப் பற்றிக் கேட்கிறார்கள். வீடியோ பார்த்துவிட்டுப் பார்டர் கோலி தேடுகிறவர் ஒரு பக்கம். ஆள் உயர அலபாய் வாங்கிவிட்டால் ஒரு நாயும் கிட்டே வராது என்று நம்புகிறவர் இன்னொரு பக்கம். நம்ம ஊர் இனம்தான் வேண்டும் என்று சிப்பிப்பாறைக்கும் கோம்பைக்கும் அலைகிறவர்கள் உண்டு. நாயே வேண்டாம், கம்பிவலை போதும் என்பவர்களும் உண்டு. இந்த நாலோடு, யாரும் பெரிதாக மதிக்காத ஐந்தாவது வழி ஒன்றையும் சேர்த்துப் பார்க்கலாம்: ஊர்நாய்க் குட்டி ஒன்றைப் பட்டிக்குள்ளேயே ஆடுகளோடு வளர்ப்பது. என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, ஐந்து ஏக்கர் கொறங்காடு (உயிர்வேலி அடைத்த மேய்ச்சல் காடு), மேச்சேரி இனச் செம்மறியில் இருபது பெட்டைகள், ஒரு கிடாய் என்று வைத்துக்கொள்கிறேன். ஐம்பது ஏக்கரும் இருநூறு ஆடும் வைத்திருப்பவருக்கு விடை வேறாக இருக்கலாம்.

காவல் எங்கே ஓட்டையாகிறது

கொறங்காடு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். செம்மண்ணும் சரளையும் கலந்த மானாவாரி நிலம். கீழே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. மழைக்குப் புல் எழும். புல் காய்ந்த கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்கு மேவாகும். காட்டைத் துண்டு துண்டாகத் தடுத்து, ஒரு துண்டில் மேயவிட்டு இன்னொன்றை ஆறப் போடுவார்கள். மாடு முதலில் நெடும்புல்லை மேய்ந்துவிட்டுப் போக, பின்னால் செம்மறி இறங்கிக் குட்டைப் புல்லைக் கொறிக்கும். மாட்டுக் குடற்புழுவும் ஆட்டுக் குடற்புழுவும் பெரும்பாலும் வேறு வேறு என்பதால் இந்த மாற்றி மேய்ச்சலில் புழுத் தொல்லையும் குறைகிறது. புல்லில் மட்டுமே வளர்ந்த ஆட்டுக்கறி என்று நகரத்தில் தனி விலை சொல்லி விற்கிறார்கள். இங்கே காலகாலமாக எல்லா ஆடும் அப்படித்தான் வளர்கிறது.

மேச்சேரி ஆடு இந்தக் காட்டுக்கு ஏற்றது. கம்பளி கிடையாது, குட்டை ரோமம், வெளிர்பழுப்பு நிறம், கொம்பு இல்லை. வெயிலைத் தாங்கும். தோலுக்கும் நல்ல பெயர். சேலம் மாவட்டம் பொட்டனேரியில் இதற்கென்றே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இருபத்தைந்து கிலோப் பெட்டை ஒன்றுக்கு நாளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ காய்ந்த எடைக்குத் தீனி வேண்டும். இருபது பெட்டைக்கு வருடத்துக்கு ஏழு டன்னுக்கு மேல். ஐந்து ஏக்கர் மானாவாரிப் புல் எல்லா வருடமும் இதைத் தந்துவிடாது. மழை பொய்த்தால் சோளத்தட்டு வாங்கித்தான் ஆகவேண்டும். ஆகவே நாய்க்கு என்று ஒதுக்குகிற காசு தட்டுக்கான காசிலிருந்து போகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் நாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனி முக்கியமான சங்கதி. கொறங்காட்டில் ஆடு மேய்க்க ஆள் தேவையில்லை. காலையில் கடவைத் திறந்து உள்ளே விட்டால், சாயங்காலம் போய் ஓட்டி வந்தால் போதும். கிளுவை வேலிதான் மேய்ப்பன். மேய்ப்பாள் கூலி இல்லாததால்தான் சின்னப் பட்டிகள் பிழைக்கின்றன. ஆனால் அதே காரணத்தால்தான் பகல் முழுக்க ஆடுகள் தனியாக நிற்கின்றன. பழைய கிளுவையில் அங்கங்கே மரம் பட்டுப்போய்ச் சந்து விழுந்திருக்கும். ஆடு அதில் நுழையாது, நாய் நுழைந்துவிடும். முன்பு நரிக்குப் பயந்த காலத்தில் இரவுக்காவல் போதுமாக இருந்தது. சாலையோரம் கொட்டுகிற கோழிக்கழிவைத் தின்று கூட்டம் சேர்ந்த தெருநாய்களுக்கு மனிதப் பயமும் போய்விட்டது, இரவு பகல் கணக்கும் இல்லை. பசிக்காக ஒன்றை அடித்துத் தின்றுவிட்டுப் போகிற மிருகம் இல்லை இது. ஓடுகிற எல்லாவற்றையும் கடித்துவிட்டு, ஒன்றையும் தின்னாமல் போகும்.

ஆக நமக்கு வேண்டியது இரண்டு: இரவில் பட்டிக்குப் பாதுகாப்பு, பகலில் ஆட்டோடு ஆடாகக் காட்டில் நிற்கிற ஒரு காவல். ஒவ்வொரு வழியும் இந்த இரண்டில் எதைத் தருகிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பார்டர் கோலி: ஓட்டுகிற நாய், காக்கிற நாய் இல்லை

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஸ்காட்லாந்து, இங்கிலாந்து எல்லை மலைகளில் உருவான இனம். வேலியில்லாத மலைச்சரிவில் சிதறி மேயும் நூற்றுக்கணக்கான ஆடுகளை ஒரே ஆள் திரட்ட வேண்டும், அதற்காக வளர்த்தெடுத்த நாய் இது. தரையோடு பதுங்கி, கண்ணை எடுக்காமல் ஆட்டை உற்றுப் பார்த்து நகர்த்தும். பார்க்க அவ்வளவு அழகு, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த உற்றுப் பார்வை ஓநாயின் வேட்டையில் முதல் பாதி. கடித்துக் கொல்கிற பின்பாதியை மட்டும் மனிதன் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டான். ஆடு அதைக் கண்டு நகர்வதற்குக் காரணமே பயம்தான்.

ஐந்து ஏக்கரில் கடவைத் திறந்தால் தானாகப் பட்டிக்கு நடந்து வருகிற ஆட்டை ஓட்ட நாய் எதற்கு? கையில் ஒரு பிடி வேலங்காய் இருந்தால் இருபதும் பின்னால் வரும். வேலை இல்லாத பார்டர் கோலி சும்மாவும் இருக்காது. கோழியை ஓட்டும், பிள்ளைகளை ஓட்டும், கடைசியில் சினையாட்டை நாள் முழுக்க விரட்டிக்கொண்டிருக்கும். நாலு தெருநாய் வந்தால் எதிர்த்து நிற்கிற உடம்பும் அதற்கு இல்லை. அடர்ந்த ரோமத்தோடு சித்திரை வெயிலில் அது படுகிற பாடு வேறு. வேண்டாம்.

அலபாய், கங்கல் வகை: வேலை சரி, இடம் சரியில்லை

ஆடுகாவலுக்கென்றே பிறந்த இனங்கள் உலகில் உண்டு. துருக்கியின் கங்கல், அக்பாஷ், மத்திய ஆசியாவின் அலபாய், இத்தாலியின் மரெம்மா, பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே பைரனீஸ் மலையின் பெரிய வெள்ளை நாய். இவை ஆட்டை ஓட்டாது. ஆட்டின் நடுவே படுத்துக்கிடக்கும், அந்நிய வாடை வந்தால் எழுந்து குரைக்கும், அதற்கும் போகாவிட்டால் இடையில் வந்து நிற்கும். பெரும்பாலும் சண்டை வரை போகவே போகாது. நமீபியாவில் சிவிங்கிப்புலிகளை (சீட்டா) பாதுகாக்கும் அமைப்பு ஒன்று 1994 முதல் துருக்கியின் அனடோலிய, கங்கல் நாய்க்குட்டிகளைப் பண்ணைகளுக்குக் கொடுத்து வருகிறது. ஆடு தப்பினால் விவசாயி சிவிங்கிப்புலியைச் சுடமாட்டார் என்பதுதான் யோசனை. அந்த வறண்ட நாட்டில் இந்த நாய்கள் வேலை செய்தும் காட்டியிருக்கின்றன. அதனால் வெயில் தாங்காது என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

எனக்குள்ள தயக்கம் வேறு. இங்கே விற்கிற அலபாய்க் குட்டிகளின் தாய் தகப்பன் ஆட்டையே பார்த்திருக்காது. பங்களாக் காவலுக்கும் கண்காட்சிக்கும் வளர்த்தவை. சில இடங்களில் நாய்ச்சண்டைக்கு வளர்த்த வம்சமும் கலந்திருக்கும். நாற்பது, ஐம்பது கிலோ நாய் ஒன்று நம் நாட்டு நாய் தின்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தின்னும். இருபது பெட்டையின் வருமானத்தில் அது பெரிய துண்டு. உண்ணிக் காய்ச்சல் வந்தால் மருந்துச் செலவு தனி. பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் நடந்து வரும்போது அதைப் பிடித்து நிறுத்த ஆள் வேண்டும் என்பது இன்னொரு தொல்லை. ஐந்து ஏக்கர் என்பது அந்த நாய் தன்னுடையது என்று நினைக்கிற பரப்பில் ஒரு மூலைதான். சுற்றிலும் பிறர் நிலம், பால்காரர், பள்ளிப்பிள்ளைகள்.

சட்டப் பக்கமும் ஒரு குழப்பம் வந்து போனது. 2024 மார்ச்சில் மத்திய அரசு, ஆபத்தான இனங்கள் என்று 23ஐப் பட்டியலிட்டு அவற்றுக்கு உரிமமும் அனுமதியும் தர வேண்டாம் என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. கங்கல், அக்பாஷ், அலபாய் எல்லாம் அதில் இருந்தன. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. அந்தச் சுற்றறிக்கை நிற்கவில்லை என்றாலும், ஒருமுறை பட்டியலில் ஏறிய பெயர் மறுபடி ஏறாது என்று யார் சொல்வது?

இந்திய இனத்திலேயே காவல் நாய் வேண்டும் என்றால் இமாச்சலத்தின் கத்தி (Gaddi) நாய் இருக்கிறது. மலை இடையர்களோடு நடந்து, கழுத்தில் இரும்புப் பட்டையோடு சிறுத்தையை எதிர்க்கும். ஆனால் பனிமலைக்கான ரோமம் அதற்கு. அதைக் கொண்டுவந்து மூலனூர் வெயிலில் கட்டிப்போடுவது பாவம்.

நம் நாட்டு இனங்கள்

இந்த இடத்தில்தான் ஆட்கள் கோபித்துக்கொள்கிறார்கள். சிப்பிப்பாறையையும் கன்னியையும் ராஜபாளையத்தையும் குறை சொன்னால் ஊரையே குறை சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். குறை சொல்லவில்லை. அவற்றின் வேலை வேறு என்றுதான் சொல்கிறேன்.

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கிற வேட்டை நாய்கள். மெலிந்த உடம்பு, நீண்ட முகம், நீண்ட கால். ஓடுகிற ஒன்றைக் கண்டால் பின்னால் ஓடவேண்டும் என்பது அவற்றின் இரத்தத்தில் இருக்கிறது. மேச்சேரிக் குட்டிகள் சாயங்காலம் துள்ளி ஓடி விளையாடும்போது அந்த நாய்க்கு என்ன தோன்றும் என்று யோசித்துப் பாருங்கள். குட்டியிலிருந்தே ஆட்டோடு பழகினால் அடக்கிவிடலாம்தான், நன்றாகப் பழகிய சிப்பிப்பாறைகளும் உண்டு. ஆனால் ஆட்டை விட்டுவிட்டு முயல் பின்னால் இரண்டு காடு தாண்டிப் போகிற நாய் அன்றைக்குக் காவல் பார்க்கவில்லை. முயல் வேட்டை 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாய் தானாகப் பிடித்தது என்று வனத்துறையிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

ராஜபாளையம் பெரிய உடம்பு, துணிச்சல் உண்டு. ஆனால் அந்த வெள்ளை நிறத்தோடு ஒட்டி வருகிற குறை, குட்டிகளில் சில காது கேளாமல் பிறப்பது. காவலுக்கு வாங்குகிறவர் குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பார்க்காமல் காசைக் கொடுக்கக் கூடாது. இளஞ்சிவப்புத் தோல் நிழலில்லாத காட்டில் வெயிலுக்குப் புண்ணாகும் என்பதும் உண்டு.

தேனி மாவட்டத்துக் கோம்பை இந்த மூன்றையும்விட நமக்கு நெருக்கம். செவலை உடம்பு, கருமூஞ்சி, கட்டுமஸ்தான தேகம், சந்தேகப் புத்தி. நாலு தெருநாய்க்கு நிற்கும். இரவில் வண்டி வைத்து ஆடு திருட வருகிறவனுக்கு இதைவிடப் பெரிய தடை வேறில்லை. ஆனால் கோம்பை காப்பது தன் எஜமானையும் வாசலையும். வீட்டுக்குப் பக்கத்திலேயே பட்டி இருந்தால் இரவுக்காவலுக்கு அருமையான நாய். காட்டுக்குள் ஆட்டோடு பகல் முழுக்கத் தனியாக நிற்கச் சொன்னால், மதியம் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கும். முதல் காவல் அமைந்த பிறகு இரண்டாவதாக வைத்துக்கொள்ள நான் கோம்பையைச் சொல்வேன்.

வலை மட்டும் போதும் என்பவர்கள்

இவர்கள் பாதி சரி. இரவுப் பட்டிக்கு வலை இல்லாமல் எந்த நாயும் பிரயோசனமில்லை. பழைய மூங்கில் படல் ஆட்டை உள்ளே வைக்கத்தான், நாயை வெளியே நிறுத்த இல்லை. ஐந்தடிக்குக் குறையாத கம்பிவலை, கீழே ஒரு முழம் வெளிப்புறமாக மடித்து மண்ணில் புதைத்தது, கதவடியில் சந்து இல்லாதது, இவ்வளவும் வேண்டும். நாய் தாண்டுவதைவிடத் தோண்டுவதுதான் அதிகம். இருபது ஆட்டுக்குப் பட்டி சின்னதுதான், ஒருமுறைச் செலவு, பல வருடம் வரும்.

ஆனால் ஐந்து ஏக்கரைச் சுற்றி இதே வலை போடுவது வேறு கணக்கு. ஐந்து ஏக்கர் சதுரமாக இருந்தாலே சுற்றளவு ஏறக்குறைய 570 மீட்டர். உள்ளே துண்டு பிரித்திருந்தால் இன்னும் கூடும். அந்தக் காசுக்கு இருபது ஆடு ஈட்டுவது எத்தனை வருடம் என்று உங்கள் ஊர் விலையில் போட்டுப் பாருங்கள். சூரிய மின்வேலி மலிவு என்பார்கள். அதில் ஒரு சிக்கல், நம் சரளை மண் கோடையில் எலும்பாகக் காய்ந்துவிடும். மண்ணில் ஈரம் இல்லாவிட்டால் மின்சுற்று முழுமையாகாது, தொட்ட நாய்க்கு அடி விழாது. ஒன்றுவிட்டு ஒரு கம்பியை நிலக்கம்பியாக இழுத்தால் சமாளிக்கலாம், செலவு ஏறும். வீட்டு மின்சாரத்தை நேராக வேலிக்குக் கொடுப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள். அது குற்றம், ஆள் சாகும்.

கிளுவையைச் சீர்செய்வதுதான் மலிவான வேலி. வைகாசிக்கு முன் போத்து வெட்டி நட்டுச் சந்துகளை அடைத்தால், அடுத்த வருடங்களில் அடர்ந்துவிடும். அதுவரை முள்ளை வெட்டி அடைக்க வேண்டியதுதான்.

வலையின் இன்னொரு குறை, அது குரைக்காது. திருடன் வந்தாலும், ஓர் ஆடு வயிறு உப்பிக் கத்தினாலும், பாம்பு வந்தாலும் வலைக்குத் தெரியாது.

ஊர்நாய்க் குட்டி

ஆடுகாவல் என்பது இனத்தில் மட்டும் இல்லை, வளர்ப்பில் பெரும்பகுதி இருக்கிறது என்பதற்கு நல்ல சாட்சிகள் உண்டு. 1833இல் உருகுவே புல்வெளிகளில் குதிரையில் போன சார்லஸ் டார்வின், ஆளே இல்லாமல் ஒன்றிரண்டு நாய்கள் பெரிய ஆட்டுமந்தையைக் காப்பதைப் பார்த்து எப்படி என்று விசாரித்திருக்கிறார். மிகச் சின்ன வயதிலேயே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, நாளுக்கு மூன்று நாலு தடவை ஒரு பெட்டை ஆட்டிடம் பால் குடிக்க வைப்பார்களாம். பட்டிக்குள் கம்பளியால் ஒரு படுக்கை. வேறு நாய்களோடும் பிள்ளைகளோடும் சேரவிடமாட்டார்கள், பெரும்பாலும் காயடித்துவிடுவார்கள். அந்த நாய்க்கு ஆடுதான் சொந்தம். இன்னொன்று, அமெரிக்காவின் தென்மேற்கில் நவாஹோ மக்கள். அவர்கள் வைத்திருந்தவை எந்தப் பெயரும் இல்லாத கலப்பு நாய்கள், உடம்பும் பெரிதில்லை. குட்டியிலிருந்து பட்டியில் வளர்ந்ததால் அவை ஓநாய் இனத்துச் சின்ன மிருகமான கொயோட்டியை ஆட்டிடம் அண்டவிடவில்லை என்று 1980களில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நம் தென்மாவட்டங்களில் கிடை போட்டு ஊர் ஊராக நடக்கிற கீதாரிகளோடு போகிற மந்தை நாயையும் இந்த வரிசையில் வைக்கலாம்.

ஆகவே பத்திலிருந்து பதினெட்டுக் கிலோ வரை உள்ள ஊர்நாய் போதும். வெயில் தாங்கும், உண்ணி தாங்கும், களியும் சோறும் மோரும் கொஞ்சம் முட்டையும் போட்டால் உழைக்கும். செலவு மிகக் குறைவு. ஆனால் தெருவில் வளர்ந்த பெரிய நாயைக் கொண்டுவந்து பட்டியில் கட்டினால் இது நடக்காது. அந்த நாய் ஏற்கெனவே எதிர்க்கட்சி. குட்டியாகத்தான் வரவேண்டும்.

எட்டு வாரம் ஆனதும் குட்டியைக் கொண்டுவரலாம். தாய் தோட்டத்துச் சாளையில் ஆடு மாட்டோடு வாழ்கிற நாயாக இருந்தால் நல்லது. நாலு மாதம் ஆகும்வரை உள்ள காலம்தான் குட்டி யாரைத் தன் கூட்டம் என்று மனதில் பதிக்கிற காலம். அந்த வாரங்களை வீட்டுத் திண்ணையில் கழித்தால் அது வீட்டு நாய். பட்டியின் ஒரு மூலையில் வலைத் தடுப்பு வைத்து, குட்டி உள்ளே ஒளிந்துகொள்ள ஒரு சந்து விட்டு, சாதுவான நாலைந்து ஆட்டுக்குட்டிகளைக் கூடவே அடைக்க வேண்டும். தீனி, தண்ணீர், தூக்கம் எல்லாம் அங்கேயே. நாம் தொட்டுப் பழக்கலாம், ஊசி போடவும் உண்ணி எடுக்கவும் அது கைக்கு வரவேண்டும். ஆனால் மடியில் வைத்துக் கொஞ்சுவதும், பிள்ளைகள் தூக்கிக்கொண்டு ஓடுவதும் கூடாது. இதுதான் மிகச் சிரமமான பகுதி என்று நினைக்கிறேன். அழகான குட்டியை வீட்டில் யாராவது தூக்காமல் இருப்பார்களா?

ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை பொறுமை சோதிக்கிற காலம். காவலும் வராது, குறும்பும் போகாது. ஆட்டுக்குட்டியின் காதைக் கடித்து இழுக்கும், துரத்தி விளையாடும். துரத்தத் தொடங்கிய நொடியிலேயே அதட்டித் தனியே அடைக்க வேண்டும். நாளைக்கு அடித்தால் அதற்கு எதற்கென்று புரியாது. திருட்டு மாட்டுக்குப் போடுகிற மாதிரிக் கழுத்தில் ஒரு கட்டை தொங்கவிட்டால் ஓட்டம் குறையும். முதல் தடவை ஆடு குட்டி போடும்போது நாயைத் தடுப்புக்கு அந்தப்புறம் வைத்துப் பார்க்கவிடுங்கள். இந்த ஒன்றரை வருடத்தைத் தாண்டாதவர்கள்தான் 'ஊர்நாய் ஆட்டையே கடித்துவிட்டது' என்கிறார்கள். இரண்டாம் வயதிலும் துரத்துகிற நாய் இந்த வேலைக்கு ஆகாது, வீட்டுக்காவலுக்கு மாற்றிவிடலாம்.

கருத்தடை கட்டாயம். செய்யாத ஆண்நாய் மார்கழியில் ஊர் சுற்றப் போய்விடும், செய்யாத பெட்டை பருவத்துக்கு வந்தால் நாம் யாரைத் தடுக்க நினைத்தோமோ அந்தக் கூட்டத்தையே பட்டிக்கு அழைத்துவரும். நாய் இரண்டாக இருப்பது நல்லது. ஒன்று விரட்டிப் போனாலும் இன்னொன்று ஆட்டோடு நிற்கும். ஆனால் ஒரே ஈற்றுக் குட்டி இரண்டை ஒன்றாகக் கொண்டுவராதீர்கள், ஆட்டை விட்டுவிட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முதலாவது நிதானத்துக்கு வந்த பிறகு இரண்டாவது.

இதில் எனக்குப் பிடித்தது, நாய் இடத்தோடு ஒட்டாமல் ஆட்டோடு ஒட்டுவது. மேய்ச்சலை அடுத்த துண்டுக்கு மாற்றினால் அதுவும் மாறும். புல்லை ஆறவிட்டு மாற்றி மேய்க்கிறவருக்குக் கோம்பையைவிட இந்த நாய் கூடுதல் பயன் என்று சொல்வது இதனால்தான்.

எல்லாவற்றுக்கும் இது மருந்து என்று சொல்லமாட்டேன். 2023இல் ஊதியூர் மலைப்பக்கம் சிறுத்தை வந்து கால்நடையை அடித்தபோது, நாய்களும் அதற்கு இரைதான். மலையடிவாரக் காட்டுக்காரர்கள் இரவில் நாயையும் வலைக்குள் வைக்க வேண்டும். ஆறேழு நாய்கள் சேர்ந்து வந்தாலும் ஒற்றை ஊர்நாய் தாங்காது. குரைத்து நம்மை எழுப்பும், அதற்குள் வலை ஆட்டைக் காக்கும். நான் ஆரம்பத்தில் சொன்ன நிபந்தனை இதுதான்: இரவு வலை இல்லாமல் இந்த வழி கிடையாது.

நாய் வந்தால் கூட வரும் நோய்

எந்த நாயைத் தேர்ந்தெடுத்தாலும் இது பொது, ஆனால் ஆட்டோடு படுக்கிற நாய்க்கு அதிகம் பொருந்தும். ஓர் ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்திருப்பீர்கள். மூளையில் நாடாப்புழுவின் நீர்க்கட்டி வளர்வது அதற்கு ஒரு காரணம். அந்த ஆட்டை அறுத்துத் தலையை நாய்க்குப் போடுவார்கள். கட்டியில் உள்ள புழு நாயின் குடலில் வளரும், முட்டை நாயின் சாணத்தோடு புல்லில் விழும், அடுத்த ஆடு மேயும். ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி வைக்கிற இன்னொரு நாடாப்புழு மனிதருக்கும் வரும், அறுவை செய்து எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே பச்சைக் குடல், ஈரல், தலை எதையும் நாய்க்குப் போடக் கூடாது. செத்த ஆட்டை ஆழமாகப் புதைக்க வேண்டும். வேண்டாத கறியை அரைமணி நேரத்துக்கு மேல் கொதிக்க வைத்துப் போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாடாப்புழுவுக்குப் பிரசிகுவாண்டல் கலந்த மாத்திரை கொடுத்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்தது. சாதாரணக் குடற்புழு மருந்து எல்லாமே நாடாப்புழுவுக்குக் கேட்காது, மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

ஈன்ற ஆட்டின் நஞ்சுக்கொடியையும் நாய் தின்னவிடாமல் புதைப்பது நல்லது, முக்கியமாகக் குறைப்பிரசவம் ஆன ஆட்டினுடையதை. வெறிநாய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் ஒன்று, பிறகு வருடம் ஒன்று. வெறிபிடித்த தெருநாயோடு நம் நாய்தான் முதலில் மோதும், அதே நாய்தான் நம் கையையும் நக்கும்.

காசு எதற்கு முதலில்

கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், முதலில் இரவுப் பட்டிக்கு வலை. மீதம் இருந்தால் கிளுவைச் சந்துகளை அடைக்கிற கூலி. குட்டி பெரும்பாலும் காசில்லாமலே கிடைக்கும், ஊசிக்கும் கருத்தடைக்கும் மட்டும் எடுத்து வையுங்கள். வீட்டிலிருந்து பட்டி கூப்பிடு தூரத்தில் இருந்து, திருட்டுப் பயம் உள்ள ஊராகவும் இருந்தால், இரண்டாம் நாயாகக் கோம்பை. ஆடு நூறைத் தாண்டி, ஒருவர் முழுநேரமும் காட்டில் இருக்கிற நிலை வந்தால் மட்டும் கங்கல் வகையை யோசிக்கலாம், அதுவும் ஆட்டோடு வேலை செய்கிற தாய்க்குப் பிறந்த குட்டி கிடைத்தால்.

எப்போது குட்டியைக் கொண்டுவருவது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். கிடாயைச் சேர்த்த தேதியைக் குறித்து வைத்திருந்தால் ஈற்று மாதம் தெரியும். ஈன்று ஒன்றிரண்டு மாதம் கழித்து நாய்க்குட்டி வந்தால், கூட அடைக்க விளையாட்டுப் பருவத்து ஆட்டுக்குட்டிகள் கிடைக்கும், முட்டித் தள்ளுகிற தாயாடும் நடுவே இருக்காது. மழைக்கு முன்பு ஆடுகளுக்குத் துள்ளுமாரி நோய்த் தடுப்பூசி போட மருத்துவர் பட்டிக்கு வருவாரே, அன்றைக்கே நாயின் ஊசியையும் புழு மருந்தையும் முடித்துக்கொண்டால் இன்னொரு தடவை அலைய வேண்டாம்.